அந்த விளையாட்டிலும் தேர்வு வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் என்றாலே துப்பாக்கியும் ரத்தமும்தான் நம் பத்திரிகைகளில் பேச்சு. கல்லூரியில் படிக்கும் என் மகள் விளையாடுவது வேறு ரகம். ஜப்பானியக் கார்ட்டூனான அனிமே பாணியில் வரைந்த ஒரு ஜப்பானியப் பள்ளி, அதில் ஒரு மாணவனின் அன்றாடம்.

அவள் ‘பெர்சோனா 4’ என்ற விளையாட்டை ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஏப்ரலில் பள்ளி வாழ்க்கை தொடங்குகிறது. வகுப்பில் ஆசிரியர் திடீரென்று கேள்வி கேட்கிறார். பள்ளி விட்டதும் நண்பனோடு போகலாம், இல்லையென்றால் படிக்கலாம். இரண்டுக்கும் நேரம் கிடையாது. கன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். “தேர்வு வருதும்மா, ஆனா இவன் தனியா நிக்கிறான்” என்றாள். கடைசியில் நண்பனிடம்தான் போனாள். பெற்ற பிள்ளையின் மனசை அன்று புதிதாகப் பார்த்தேன்.

இதற்கெல்லாம் முன்னோடிகளில் ஒன்று, 1994-இல் கொனாமி என்ற ஜப்பானிய நிறுவனம் வெளியிட்ட ‘டோகிமெகி மெமோரியல்’ விளையாட்டு. மூன்று வருடப் பள்ளி வாழ்க்கை. படிப்பும் உடல்வலுவும் எண்களாக ஏறி இறங்கும். ஓய்வில்லாமல் உழைத்தால் மன அழுத்தம் கூடிப் படுத்துவிட வேண்டியதுதான். ஒரு தோழியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் வெடிகுண்டுச் சின்னம் வரும்; அது வெடித்தால் மற்றவர்களும் முகம் திருப்பிக்கொள்வார்கள்.

இவை எல்லாமே சிறுவர்களுக்கு ஏற்றவை என்று சொல்ல முடியாது. ‘பெர்சோனா 4’ கதையே கொலை மர்மம்தான், வயதுக் குறியீட்டைப் பார்த்தே வாங்க வேண்டும். அதைச் சொல்லித்தரவாவது, சினிமா விமர்சனம் போல இவற்றுக்கும் வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி