நாலு திரை போட்டோ அனுப்பிய அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய நாலு போட்டோவும் வந்தது. "அப்பா, புது வீட்டு பாத்ரூமுக்கு இதுல எது நல்லாயிருக்கும், சீக்கிரம் சொல்லுங்க, ஆஃபர் முடியப் போகுது" என்று கீழே எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பிலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஷவர் கர்ட்டன் என்று வந்துவிட்டால் எனக்கு ஒரு வரியில் முடிக்க வராது. 26 வருஷம் அதையும் மேசை விரிப்பையும் செக்கிங் டேபிளில் விரித்து விரித்துப் பார்த்தே கண்ணாடி போட்டவன் நான். ஆஃபர் போனால் போகட்டும், அந்த ஊரில் ஆஃபர் இல்லாத வாரம் எது?

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். போன வருஷம் நாங்கள் அமெரிக்காவில் உன் எடிசன் ஊருக்கு வந்திருந்தபோது நடந்ததை நீ இன்னும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். சிரிக்க வேண்டியதுதான். கரூரில் நான் வேலை பார்த்த டெக்ஸில், அதாவது துணி ஏற்றுமதிக் கம்பெனியில், கண்டெய்னர் கண்டெய்னராக இந்தத் திரையை மடித்துப் பெட்டி கட்டித் தூத்துக்குடிக்கு அனுப்பியிருக்கிறோம். 72க்கு 72 அங்குலம், மேலே கம்பியில் மாட்ட உலோக விளிம்பு வைத்த ஓட்டை, அதாவது ஐலெட், 12, ஒன்றுக்கொன்று 6 அங்குல இடைவெளி, ஒரு ஐலெட் கால் அங்குலம் தள்ளியிருந்தாலும் நான் பீஸை ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன். எண்ணெய்க் கறை, இழை விட்டது, ஷேடு மாறினது என்று ஒன்றும் என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அது தொங்கி, அதன்மேல் தண்ணீர் பட்டு, ஒரு மனுஷன் அதற்குப் பின்னால் நின்று குளிப்பதை அதுவரை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை அம்மிணி! நம் வீட்டில் பக்கெட்டும் சொம்பும், நாலு பக்கமும் தண்ணீர் தெறித்தால் சீமாறு போட்டுத் தள்ளினால் மூலையில் ஓட்டை வழியாகப் போய்விடும்.

அங்கே அந்த ஓட்டை இல்லை. குளிக்கிற தொட்டிக்குள்ளே மட்டும்தான் இருக்கிறது. வெளியே தரையில் விழுந்த தண்ணீருக்குப் போக்கிடமே கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? துணித் திரை நனைந்து வீணாகிவிடக் கூடாதே என்று, எக்ஸ்போர்ட் ஆள் புத்தியில், உள்ளே இருந்த பிளாஸ்டிக்கையும் சேர்த்து இரண்டையும் தொட்டிக்கு வெளியே எடுத்து அழகாகத் தொங்கவிட்டுவிட்டு, அரை மணி நேரம் சுகமாகக் குளித்தேன். பிளாஸ்டிக்கில் வழிந்த தண்ணீரெல்லாம் நேரே தரைக்கு. கீழ்வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டியபோது நான் துண்டோடு நிற்கிறேன், அவர் மேலே கையைக் காட்டி ஏதோ சொல்கிறார், எனக்குப் பாதிதான் புரிந்தது, அவர் வீட்டுக் கூரையில் சொட்டுகிறது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. நீ ஆபீஸிலிருந்து ஓடி வந்து மன்னிப்புக் கேட்டாயே, அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

சரி, அதில் கற்றுக்கொண்டதுதான் நான் உனக்குச் சொல்லப் போவதில் முக்கால்வாசி. கண்ணுக்கு ஒரு திரை, தண்ணீருக்கு ஒரு திரை. வெளியே தொங்குவது அழகுக்கு, அது நனையவே கூடாது. உள்ளே தொட்டிக்குள் விழும் லைனர்தான் வேலைக்காரன். நீ அனுப்பிய நாலு போட்டோவிலும் லைனர் இல்லை. கடைக்காரன் போட்டோவில் அதைக் காட்ட மாட்டான், வாங்குகிறவளும் மறந்துவிடுவாள், அப்புறம் துணித் திரையில் கரும்புள்ளி விழுந்த பிறகு என்னைக் கேட்பாள்.

லைனரில் பிவிசி என்று போட்டிருப்பதை எடுக்காதே. பாக்கெட்டைப் பிரித்ததும் குப்பென்று ஒரு வாடை வரும், புது ரெக்சின் வாடை மாதிரி. பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்குச் சேர்க்கிற சாமான்களிலிருந்து வருவது அது. ஜன்னல் இல்லாத பாத்ரூமில் வெந்நீர் ஆவியோடு சேர்ந்தால் சிலருக்குத் தலையை வலிக்கும். பெவா (PEVA) என்று இன்னொரு பிளாஸ்டிக் இருக்கிறது, அதில் குளோரின் கிடையாது, வாடையும் குறைவு, விலையும் கொஞ்சம்தான். இல்லையென்றால் பாலியஸ்டர் துணியிலேயே லைனர் வருகிறது, மெஷினில் போட்டுத் துவைக்கலாம். உனக்கு அதுதான் சரி என்று படுகிறது, நீ பிளாஸ்டிக்கைக் கழுவிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை.

அடியில் காந்தம் வைத்துத் தைத்த லைனரும் விற்பார்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்துப் போய் உன் தொட்டியில் வைத்துப் பார். தொட்டி இரும்பு என்றால் ஒட்டும். அக்ரிலிக், ஃபைபர் என்றால் ஒட்டாது, காந்தம் சும்மா கனத்துக்கு மட்டும்தான். கனமும் வேண்டும்தான் என்று வை. உன் அம்மா அங்கே முதல் நாள் குளிக்கும்போது "யாரோ காலைத் தொடறாங்க" என்று கத்தினாளே, அது பேயில்லை, திரைதான். ஷவரைத் திறந்ததும் திரை உள்ளே வந்து ஒட்டும். வெந்நீர் ஆவி மேலே போவதால் என்று பலர் சொல்வார்கள், ஆனால் பச்சைத்தண்ணீரிலும் ஒட்டுகிறதே. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்து டேவிட் ஷ்மிட் என்கிற பேராசிரியர் இதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்து, தெறிக்கும் தண்ணீர் காற்றை இழுத்துப் படுக்கைவாட்டில் ஒரு சுழலை உண்டாக்குகிறது, சுழலின் நடுவில் அழுத்தம் குறைவதால் திரை உள்ளே இழுபடுகிறது என்று சொல்லி 2001ல் இக் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார். முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பரிசு அது. உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்கும் பரிசா, எங்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேன்" என்கிறாள். என்னத்தைச் சொல்லியிருப்பாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது போட்டோவுக்கு வருகிறேன்.

கோலம் மாதிரி பெரிய வட்டம் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. திறந்து ஒதுக்கினால் வட்டம் கசங்கிப் போன அப்பளம் மாதிரி ஆகிவிடும், மூடினால் ஒரே படம் தினமும் காலையில் முகத்தில் முழிக்கும், மூணு மாசத்தில் சலித்துப் போகும். கறுப்பில் பெரிய பெரிய பச்சை இலை போட்டது இருக்கிறதே, அது உன் அம்மாவின் ஓட்டு. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார். உன் பாத்ரூம் 5க்கு 8 அடி என்றாய், தரையே 40 சதுர அடிதான். ஒரு திரை விரித்தால் 36 சதுர அடி. கிட்டத்தட்ட இன்னொரு தரையை நிமிர்த்தி வைத்த மாதிரி. அந்த அறையில் அதைவிடப் பெரிதாகக் கண்ணில் படும் சாமான் வேறு இல்லை. அத்தனையும் கறுப்பு என்றால், ஜன்னலும் இல்லாத இடத்தில், கிணற்றுக்குள் குளிக்கிற மாதிரி இருக்கும். அதே சமயம் வாடகை வீடு, டைல்ஸை மாற்ற முடியாது, சுவருக்கு வர்ணம் அடிக்க விட மாட்டார்கள், உன் இஷ்டத்துக்கு மாற்றக் கிடைத்த ஒரே இடம் இந்தத் திரைதான், காலி பண்ணும்போது சுருட்டிக்கொண்டு போய்விடலாம். அதனால் பயந்து பயந்து சாம்பலாக ஒன்றை வாங்கிவிடாதே என்றும் சொல்கிறேன். இலை வேண்டுமென்றால் வெள்ளைத் தரையில் இலை போட்டதாகப் பார்.

நெட்டுக்கோடு போட்டது பரவாயில்லை. கோடு மேலும் கீழும் போனால் கூரை உயர்ந்த மாதிரி தெரியும். அந்த நீலம் மட்டும் உன் பாத்ரூம் டைல்ஸின் பச்சையோடு சண்டை போடும்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு, அந்த வெள்ளை வாஃபிள். நாங்கள் நெய்தது என்பதால் சொல்கிறேன் என்று நினைப்பாய், கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் வெற்று வெள்ளைத் துணி ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், வாஃபிளில் கட்டம் கட்டமாகக் குழி இருப்பதால் வெளிச்சம் பட்டால் அதிலேயே நிழல் விழும், வெள்ளையாக இருந்தும் வெறிச்சென்று இருக்காது. அதோடு வெள்ளைக்கு எந்தத் துண்டும் ஒத்துப்போகும். இரண்டு மஞ்சள் துண்டும் ஒரு மிதியடியும் போட்டால் ஒரு அறை, பொங்கலுக்குப் பச்சையாக மாற்றினால் வேறொரு அறை, திரைக்கு மறுபடி செலவில்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்துக்கொள். பருத்தி என்றால் சுருங்கும். துவைத்துச் சுருக்காத துணி 100க்கு 5 சுருங்கினாலும் 72 அங்குலத்தில் மூன்றரை அங்குலம் போச்சு, வாஃபிள் சாதா நெசவைவிடக் கூடுதலாகவே இழுக்கும். முன்னாலேயே சுருக்கியது என்று எழுதியிருக்கிறதா பார், வெந்நீரில் துவைக்காதே, டிரையரில் போடவே போடாதே. இன்னொன்று, ஐலெட். பித்தளையோ துருப்பிடிக்காத ஸ்டீலோ இருந்தால் நல்லது, மலிவான இரும்பு என்றால் ஆறு மாசத்தில் துரு இறங்கி வெள்ளைத் துணியில் மேலிருந்து பழுப்புக் கண்ணீர் வடியும். ஐலெட்டே இல்லாமல் காஜா அடித்தது கிடைத்தால் அதையே எடு, துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை.

அப்புறம் கம்பி. இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற உயரத்திலேயே மாட்டிவிடுவார்கள். உன் கூரை 8 அடி, அதாவது 96 அங்குலம். சுவரில் ஓட்டை போடாமல் முறுக்கி நிறுத்துகிற டென்ஷன் கம்பி வாங்கி மேலே ஏற்றி, 84 அங்குல நீளத் திரையைத் தொங்கவிட்டுப் பார், அதே சின்ன பாத்ரூம் ஹோட்டல் மாதிரி ஆகிவிடும். தரைக்கு மேலே இரண்டு அங்குலம் திரை நிற்க வேண்டும், அந்த அளவை வைத்துக் கம்பியின் உயரத்தை முடிவு பண்ணு. ஆனால் லைனரையும் நீளமாகவே வாங்க மறந்துவிடாதே. 72 அங்குல லைனரை அவ்வளவு மேலே மாட்டினால் அடி தொட்டி விளிம்போடு நின்றுவிடும், கீழ்வீட்டுக்காரர் மறுபடியும் வருவார். இந்தத் தடவை நான் அங்கே இல்லை, பழியை யார்மேல் போடுவாய்? கம்பி நிற்கிற டைல்ஸைச் சோப்புப் பிசுக்கில்லாமல் துடைத்துக் காயவிட்டு மாட்டு, அதில் ஈரத்துண்டைப் போடாதே. மாப்பிள்ளை போடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

குளித்து முடித்ததும் திரையை ஓரமாக ஒதுக்காமல் இழுத்து விரித்து விடுங்கள், ஃபேன் இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். மடிப்புக்குள் ஈரம் நின்றால் கறுப்புப் பூஞ்சை வரும், லைனர் அடியில் இளஞ்சிவப்பாக வழவழவென்று ஒன்று படியும், அது சோப்பு இல்லை, செராட்டியா என்கிற பாக்டீரியாவாக இருக்கும். மாசம் ஒரு தரம் லைனரை இரண்டு பழைய துண்டோடு ஆப்பசோடா போட்டு மெஷினில் ஓட்டினால் போதும், துண்டு உரசி உரசி அழுக்கை எடுத்துவிடும். வினிகர் ஊற்றினாலும் சரி, பிளீச் ஊற்றினாலும் சரி, இரண்டில் ஒன்றுதான். சேர்த்து ஊற்றிவிடாதே, விஷ வாயு கிளம்பும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா பீரோவைத் திறந்து அவளுடைய பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். அரக்கில் வெள்ளைப் புள்ளி, உன் காதுகுத்துக்குக் கட்டியது, போட்டோவில்கூட இருக்கிறது. "எதுக்கு டாலர் குடுத்து வாங்கணும், இதையே இரண்டாய் வெட்டி இணைச்சுத் தைச்சா வராதா" என்கிறாள். நான் முதலில் சிரித்தேன். அப்புறம் டேப்பை எடுத்து அளந்து பார்த்தால், சேலை ஐந்தரை மீட்டர், அகலம் 47 அங்குலம், இரண்டு துண்டாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் 94 அங்குல அகலம் வருகிறது, 84 அங்குல நீளத்துக்கு மடிப்பும் விட்டு இன்னும் துணி மிச்சம். லைனர் உள்ளே இருக்கும்போது இது நனையாது. சாயம் போகுமோ என்று மட்டும்தான் பயம், உப்புத் தண்ணீரில் ஊற வைத்து அலசிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். பழைய டெக்ஸில் காஜா அடிக்கிற பையன் இன்னும் இருக்கிறான், 12 காஜா அடித்துக் கொடு என்றால் அரை மணி நேரத்தில் கொடுத்துவிடுவான். வாஃபிளுக்குப் போட்ட என் ஓட்டை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் கொஞ்சம் ஆடிப் போயிருக்கிறது.

அதனால் இன்றைக்கு எதையும் வாங்காதே. லைனரை மட்டும் ஆர்டர் போடு. கம்பியை நீ எங்கே நிறுத்தப் போகிறாயோ அங்கிருந்து தரை வரைக்கும் எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து அனுப்பு, கண்ணால் பார்த்துச் சொல்லாதே. சீக்கிரம் அனுப்பு, உன் அம்மா கத்திரிக்கோலைக் கையில் எடுத்தாகிவிட்டது.

இப்படிக்கு,
அப்பா