ஆண்டறிக்கை 2025: சமுதாயக் கூடத்து வாசல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இந்த ஆண்டு ஏரிக்கரையில் பனைவிதை ஊன்றினோம், தெருவிளக்குக்கு மனு கொடுத்தோம். அதை இத்தோடு விடுகிறேன். ஆண்டின் பாதி, சமுதாயக் கூடத்து வாசலைச் சக்கர நாற்காலி ஏறும்படி மாற்றுவதிலேயே கழிந்தது.

"அங்கேதான் சாய்தளம் இருந்ததே?" என்று சிலர் கேட்டீர்கள். இருந்தது. திறந்த அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதில் ஏறியதெல்லாம் சாம்பார் அண்டாவும் கேஸ் சிலிண்டரும் பைக்கும்தான். வாசலில் மூன்று படி, ஒன்றரை அடி உயரம். அரசின் வழிகாட்டு நெறிப்படி ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் விட வேண்டும். கணக்குப் போட்டால் பதினெட்டடி. நம்முடையது ஆறடி. அதிலும் அழகுக்கென்று வழவழ டைல்ஸ்!

வைகாசியில் பேத்தி கல்யாணத்துக்கு வந்த நம் தெருப் பெரியம்மாவை நான்கு பையன்கள் சக்கர நாற்காலியோடு தூக்கினார்கள். முந்தானை சக்கரத்தில் மாட்டிக் கிழிந்தது. "சாமி தூக்குற மாதிரி தூக்குறீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?" என்றார். பந்தி முடியும்வரை அவர் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏனென்று மகள் பிறகு சொன்னார். கழிப்பறைக் கதவு இரண்டடி, நாற்காலி இரண்டேகால் அடி.

கிராமசபையும் இதே கூடத்தில்தான் நடக்கிறது. மூன்று சக்கர ஸ்கூட்டரில் வரும் நம் சங்க உறுப்பினரிடம் பதிவேட்டை வெளியே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது வழக்கம். உள்ளே என்ன பேசினார்கள் என்பது அவர் காதில் விழுந்ததில்லை. ஊராட்சியில் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க இந்த ஆண்டு சட்டமன்றத்தில் திருத்தம் நிறைவேறியிருக்கிறது. நாளை அவரே நியமனமானால் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியா தீர்மானம் போடுவார்?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பழைய பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்த 2017-லிருந்து ஐந்தாண்டு கெடு. அது 2022-லேயே முடிந்துவிட்டது. இதை எழுதித்தான் ஊராட்சியில் அனுமதி வாங்கினோம்.

கூடத்துக்கும் தெருவுக்கும் நடுவே பத்தடிதான் இடம். நேராகப் பதினெட்டடி போனால் சாய்தளம் எதிர்வீட்டுத் திண்ணையில் முடியும். அதனால் தெருவோரமாக ஒன்பதடி ஏறி, திரும்புவதற்கு ஐந்தடிச் சமதளம் விட்டு, சுவரோரமாக இன்னொரு ஒன்பதடி. டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, சிமெண்டில் குறுக்குக் கோடு கீறினோம். "இவ்வளவு நீளம் எதுக்கு சார், வீண் செலவு" என்றார் கொத்தனார். பெரியம்மாவின் நாற்காலியில் அவரையே உட்கார வைத்து, பழைய சரிவில் ஏறச் சொன்னோம். பாதியில் பின்னால் வழுக்கினார். அதன்பின் பேச்சில்லை, இரண்டு உயரத்தில் கைப்பிடி வைக்கச் சொன்னதே அவர்தான்.

கழிப்பறைக் கதவு மூன்றடியானது, வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளே வெஸ்டர்ன் கோப்பையும் பிடிகம்பியும் வைத்தாயிற்று. அதை ஸ்டோர் ரூமாக்கி நாற்காலிகளை அடுக்கிய கல்யாண வீட்டாரிடம் ஒருமுறை சத்தம் போட வேண்டியிருந்தது. அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேடைக்கு இன்னும் படிதான். மணமக்களை வாழ்த்தப் பெரியம்மா கீழேயேதான் இருக்க வேண்டியிருக்கும். அதற்கான தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதற்குமுன், சாய்தளம் தொடங்கும் இடத்தில் பைக் நிறுத்தியிருப்பவர் தயவுசெய்து எடுத்துவிட்டு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்