மேசை நீளமாக இருக்கிறது, மின்சாரம்தான் இல்லை

அமெரிக்கப் பொதுப் பூங்காக்களின் முகாம் தளங்களை நிர்வகிக்கும் மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் புகார்ப் படிவம் ஒன்றை ஏற்கெனவே நிரப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் 500 எழுத்துகள்தான் பிடித்தன. மிச்சம் இது.

முகாம் தளங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கிய, சக்கர நாற்காலிப் படம் போட்ட இடங்கள் எதற்காக, யாருக்காக என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கேட்க வந்தது ஒன்றுதான். அந்த இடங்களில் சிலவற்றிலாவது, வண்டியின் ஒயரைச் செருகிக்கொள்ள ஒரு மின் இணைப்புக் கம்பம் நடுங்கள். 30 ஆம்ப் போதும்.

என் வீட்டுக்காரருக்கு வயது 70. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடமே 25 அடி ஆர்.வி., அதாவது படுக்கை, சமையல் வசதியெல்லாம் உள்ள வீட்டு வண்டி ஒன்று வாங்கினோம். மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனமாகிவிட்டது. அதற்காக வண்டியை விற்கவில்லை, பழக்கத்தை மாற்றிக்கொண்டோம். இப்போது ஓட்டுவது நான், ரிவர்ஸ் எடுப்பதும் நான். ஒரு நாளைக்கு 150 மைலுக்கு மேல் போவதில்லை. உயரமான மலைப் பாதைகளை வரைபடத்திலிருந்தே அடித்துவிட்டோம். அவருக்கு ஆக்ஸிஜன் ஓடும்போது வண்டிக்குள் காஸ் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்பதால், காலை டிகாஷன்கூட மின் அடுப்புக் கொதிநீரில்தான் இறங்குகிறது. இவ்வளவையும் நாங்கள் மாற்றிக்கொண்டோம்.

போன மார்ச்சில், செப்டம்பர் பயணத்துக்காக ஆறு மாதம் முன்னதாக, காலை சரியாக 10 மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து உங்களில் ஒருவருடைய முகாம் தளத்தில் அந்தப் படம் போட்ட இடத்தைப் பிடித்தேன். ஜூனில் டாக்டர், இரவு முழுக்க ஆக்ஸிஜன் விடாமல் போக வேண்டும், சிறிய கைக்கருவி போதாது, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் பெரிய கான்சென்ட்ரேட்டர்தான் என்று சொல்லிவிட்டார். முகாம் இடத்தை ஆறு மாதம் முன்னால் பதிவு செய்யலாம். இதயத்தை அப்படிச் செய்ய முடிவதில்லை. உடனே போன் செய்து, மின்சாரம் உள்ள இடமாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். “உங்களுக்குத்தான் மாற்றுத்திறனாளி இடம் கொடுத்திருக்கிறோமே” என்றார் போனை எடுத்த பெண். குரலில் குறையே இல்லை, அவ்வளவு கனிவு.

செப்டம்பரில் போனோம். இடம் அழகு. சமதளமான கான்கிரீட் தரை. சக்கர நாற்காலி உள்ளே போகும்படி ஒரு முனை நீண்ட மேசை. விறகு மூட்டும் நெருப்பு வளையத்தைக்கூட விதிப்படி உயர்த்தி வைத்திருந்தீர்கள். 2013இல் வந்த கூட்டாட்சி விதி, நெருப்பு மூட்டும் தளம் தரையிலிருந்து குறைந்தது 9 அங்குலம் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் போட்டவருக்கு நெருப்பை 9 அங்குலம் கிட்டே கொண்டுவந்து கொடுத்ததற்கு நன்றி.

கான்சென்ட்ரேட்டர் ஏறக்குறைய 300 வாட் இழுக்கும். அதோடு குளிருக்கு ஓடும் ஹீட்டரின் விசிறி. எங்கள் இரண்டு பேட்டரிகளும் மூன்று மணி நேரம் தாங்கினால் பெரிது. சோலார் தகடு போடலாமே என்பீர்கள், அதுவும் இருக்கிறது, உங்கள் மரங்களின் நிழலில் சும்மா கிடக்கிறது. இரவு ஒன்றரை மணிக்கு இன்வர்ட்டர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கருவி நின்றது. அவர் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் படுக்கையில் ஊன்றிக்கொண்டார். விரலில் மாட்டும் மீட்டர் ரத்தத்தில் ஆக்ஸிஜன் 84 சதவீதம் என்று காட்டியது. ஜெனரேட்டரைப் போட்டேன்.

பத்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. டார்ச்சோடு கேம்ப் ஹோஸ்ட், முகாமிலேயே தங்கி அதைப் பார்த்துக்கொள்பவர். இரவு 10 முதல் காலை 6 வரை ஜெனரேட்டர் ஓடக் கூடாது. டாக்டர் கடிதத்தை நீட்டினேன். நல்ல மனிதர், முழுவதும் படித்தார். விலக்கு தரும் அதிகாரம் தனக்கு இல்லை, அலுவலகம் 8 மணிக்குத் திறக்கும் என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர் திரும்பிப் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுழைவாயிலை ஒட்டி அவருடைய டிரெய்லர். வாசலில் சர விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே மின் கம்பம், அதிலிருந்து தடித்த மஞ்சள் ஒயர்.

அப்படியென்றால் அந்தக் காட்டுக்குள் மின்சாரம் வராமல் இல்லை. எங்கள் மேசை வரை வரவில்லை, அவ்வளவுதான்.

வண்டியைக் கிளப்பி 40 நிமிடம் இருட்டு மலைப் பாதையில் இறங்கி, ஊருக்குள் ஒரு பெரிய கடையின் வாகன நிறுத்தத்தில் ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டு விடியும்வரை கிடந்தோம். கடைக்காரர் யாரும் எங்களிடம் கடிதம் கேட்கவில்லை.

இயற்கை, அமைதி, பழைமை என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஒரு முகாம் தளத்திலும் மின் இணைப்பு கிடையாது. யெல்லோஸ்டோன் பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் தளத்தில் மட்டும் உண்டு. ஆனால் சயான் பூங்காவின் வாட்ச்மேன் தளத்தில் கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள், அங்கே மலை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லையே. பகலில் ஊருக்கே கேட்கிற மாதிரி ஜெனரேட்டர் ஓட அனுமதி உண்டு, சத்தமே போடாத ஒயருக்கு இடமில்லை. இது என்ன அமைதி?

“உடம்பு முடியாதவர்கள் வீட்டில் இருக்கலாமே” என்று எங்கள் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. மாறாக, நிரந்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆயுள் முழுக்கச் செல்லும் இலவச அனுமதி அட்டை கொடுக்கிறீர்கள், பல இடங்களில் முகாம் கட்டணத்தில் பாதிச் சலுகையும் உண்டு. வாருங்கள் என்று அழைத்துவிட்டு ராத்திரி ஒன்றரை மணிக்கு மூச்சை அடக்கிக்கொள் என்றால் எப்படி? அந்தப் பாதிச் சலுகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கட்டணம் தருகிறோம், கரண்ட் கொடுங்கள்.

சரி, கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். கேம்ப் ஹோஸ்ட் இருக்கும் இடத்தில் ஏற்கெனவே ஒயர் இருக்கிறது. அதற்கு அடுத்த ஓரிரு இடங்களைச் சக்கர நாற்காலிப் படம் போட்டவையாக மாற்றி, அங்கே 30 ஆம்ப் கம்பம் ஒன்று நட்டுத் தாருங்கள். அது நடக்கும்வரை, மருத்துவக் கடிதம் உள்ளவருக்கு இரவில் ஜெனரேட்டர் போட விலக்குத் தரும் அதிகாரத்தை ஹோஸ்டிடமே கொடுத்துவையுங்கள், எட்டு மணி அலுவலகத்திடம் வேண்டாம்.

வரும் மார்ச்சிலும் காலை 10 மணிக்குக் கணினி முன்னால் உட்காருவேன். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மின்னல் குறி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
இப்போது வண்டி ஓட்டுகிற மனைவி