கன்று கொடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

சனசமூக நிலையங்களில் நடக்கும் வீட்டுத்தோட்ட, சத்துணவு வகுப்புகள் பெரும்பாலும் உரையோடும் கன்று வழங்கலோடும் முடிந்துவிடுகின்றன. வைகாசி வெயிலில் கொடுக்கும் கத்தரிக் கன்று ஒரு கிழமை தாங்காது. ஆவணியில் நாற்றுமேடை போடுவதிலிருந்து வகுப்பைத் தொடங்கினால், 4 கிழமைக் கன்றைப் புரட்டாசியில் நட்டு மாரி மழையோடு வளர்க்கலாம்.

கன்று நடும் பையை நிரப்புவதைக் கையால் செய்து காட்டவேண்டும். மேல்மண், உக்கிய மாட்டெரு, மணல் மூன்றும் சமபங்கு. அடியிலும் பக்கத்திலுமாக 6 துளை. துளை இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்கு வேர் அழுகும். பச்சைச் சாணம் போட்டால் சூடேறி வேர் கருகும். யூரியாவைக் கிணற்றடியில் போடவே வேண்டாம். நம் யாழ்ப்பாணச் சுண்ணக்கல் நிலத்தில், அதிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று என்ற உப்பு நேரே குடிதண்ணீருக்குள் இறங்கும். பூச்சிக்கு, வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து 1 லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, இலையின் அடிப்புறத்தில் மாலையில் தெளிக்கவேண்டும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும்.

சமையலும் அதே முற்றத்தில் நடக்கட்டும். முருங்கையிலை, முசுட்டையிலை எதுவானாலும் கழுவிய பின்பே அரியவேண்டும். வறையை இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அது குறையும். ஒரு மணித்தியாலமாவது பொறுக்கவேண்டும்.

வகுப்பை நடத்துவோர், தோட்டத்துக்கு விவசாயப் போதனாசிரியரையும் சத்துணவுக்குக் குடும்பநல உத்தியோகத்தரையும் ஒரே நாளில் அழையுங்கள்.

வாசகர்,
கோண்டாவில்.