அக்டோபர் மாத நிகழ்வுகள்: பெற்றோர் கவனத்திற்கு

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம். உலக ஆசிரியர் தினமான அக்டோபர் 5ஆம் நாளையொட்டி, பிள்ளைகள் தாங்களே எழுதிய வாழ்த்து மடல்களை ஆசிரியர்களுக்கு வழங்குவார்கள். எழுத்துப்பிழைகள் இருந்தாலும் திருத்தாமல் அப்படியே அனுப்பி வையுங்கள்.

மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை உலகப் பார்வை தினம் என்பதால், அன்று எல்லா வகுப்புகளுக்கும் கண் பரிசோதனை நடைபெறும். பார்வை மங்கலாக உள்ள குழந்தை, மற்றவர்களுக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என்று எண்ணிக்கொள்வதால், பெரும்பாலும் அதைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை. படிப்பில் கவனமில்லை என்று நாமும் தவறாகக் கடிந்துகொள்கிறோம். புத்தகத்தை முகத்தருகே வைத்துப் படிப்பது, கண்களைச் சுருக்கிப் பார்ப்பது, தலையைச் சாய்த்துக்கொள்வது போன்றவற்றை வீட்டில் கவனித்திருந்தால், வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். ஏற்கெனவே கண்ணாடி அணியும் பிள்ளைகள் அதை மறவாமல் கொண்டுவர வேண்டும்.

உலகக் கைகழுவும் நாளான 15ஆம் தேதி, சோப்பு போட்டு 20 வினாடிகள் கை கழுவும் முறையைப் பிள்ளைகளே செய்துகாட்டுவார்கள்.

மாத இறுதியில் கதைப்புத்தகப் பரிமாற்றம் நடைபெறும். கிழிந்தவற்றை ஒட்டித் தந்தால் போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. உரிமை கோரப்படாத தண்ணீர் பாட்டில்கள் அலுவலகத்தில் குவிந்துள்ளதால், பொருள்கள் அனைத்திலும் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.