ஞாயிறு உரையாடல்: ரெபேக்கா கிராட்ஸ்

தோழிகளே, வணக்கம். இந்த ஞாயிறு ரெபேக்கா கிராட்ஸைப் பற்றிப் பேசுவோம். அமெரிக்காவின் பிலடெல்பியா யூத சமூகத்தில் வாழ்ந்தவர் (1781–1869). ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ 1801-இல் ஒரு சங்கம், 1819-இல் யூதப் பெண்களே நடத்திய இன்னொன்று என்று வாழ்நாள் முழுக்க இதே வேலைதான். திருமணம் செய்துகொள்ளவில்லை, இறந்துபோன தங்கையின் பிள்ளைகளை வளர்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது, யூதக் குழந்தைகளுக்குச் சமயம் கற்பிக்க 1838-இல் அவர் தொடங்கிய ஞாயிறு பள்ளி. கற்பித்தவர்கள் சம்பளம் வாங்காத பெண்கள். அதுவும் சமயக் கல்வி ஆண்கள் கையில் இருந்த காலத்தில்! ஏற்ற பாடப்புத்தகம் கிடையாது. கிறிஸ்தவப் பள்ளிப் புத்தகத்தை எடுத்து, தங்களுக்கு ஒவ்வாத வரிகள் மேல் காகிதம் ஒட்டி நடத்தியிருக்கிறார்கள். எவ்வளவு உறுதி வேண்டும் இதற்கு!

கேள்விகள் இருந்தால் சனிக்கிழமைக்குள் இங்கேயே போடுங்கள்.