டிஸ்சார்ஜ் படிவத்தில் இல்லாத கேள்வி

ஆசிரியருக்கு,

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், பில் கட்டும் இடத்தில் ஒரு கருத்துப் படிவத்தை நீட்டுகிறார்கள். ரூம் சுத்தமா, சாப்பாடு எப்படி, சிஸ்டர் கூப்பிட்டதும் வந்தாரா என்று கேள்விகள். நோயாளி பயந்து கிடந்தபோது யாராவது உட்கார்ந்து பேசினார்களா என்று ஒரு வரி கிடையாது.

சர்க்கரைப் புண் முற்றி, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் மாமனாருக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஆபரேஷனில் குறை சொல்ல முடியாது. ஆனால் எடுத்துவிட்ட பாதம் வலிக்கிறதென்று ராத்திரியெல்லாம் தவித்தார். புத்தி பிசகிவிட்டதோ என்ற பயத்தில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. கால் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி வலிக்கும், நரம்பும் மூளையும் பண்ணுகிற வேலை அது என்று பிசியோதெரபி தம்பி பேச்சுவாக்கில் சொன்ன அன்றைக்குத்தான் மனுஷர் தூங்கினார். ஆபரேஷனுக்கு முன்பே இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா?

மனநல டாக்டரை அனுப்பட்டுமா என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் சண்டைக்கே வந்துவிடுவார்கள், அதுவும் உண்மைதான். அதனால்தான் முதல் பேச்சு சிஸ்டரிடமிருந்தோ பிசியோதெரபி ஆளிடமிருந்தோ வரட்டும் என்கிறேன். தூக்கமே இல்லை, சாப்பாட்டைத் தொடுவதில்லை, அழுகிறார் என்றால் அப்புறம் மனநல டாக்டரைக் கூப்பிடலாம். பெரியாஸ்பத்திரியில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. சின்ன நர்சிங் ஹோம்களில் ஏது?

இன்னொன்று, படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் கூட இருக்கும் அட்டெண்டர்தான். அடுத்த வாரம் கட்டு மாற்ற அதே டாக்டரிடம் போக வேண்டியவர் குறை எழுதுவாரா? எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று டிக் போட்டுவிட்டு ஆட்டோ பிடிப்பார். அதை வைத்து நோயாளிக்குத் திருப்தி என்று கணக்கெழுதினால் எப்படி? கொஞ்ச நாள் கழித்து, படுத்திருந்தவரிடமே போனில் கேட்கட்டும்.

மனநல ஆலோசகரை வைக்கக் கட்டுப்படியாகாது என்பார்கள். சரி. 2022 முதல் அரசின் டெலி மானஸ் என்கிற போன்வழி மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது. 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். டிஸ்சார்ஜ் தாளில் அடுத்து வரவேண்டிய தேதிக்குக் கீழே அந்த எண்ணை அச்சிட என்ன செலவாகிவிடும்?

மேலூர் வாசகி